நீலப் பெண்களுக்கு ஒரு சுவர்

மும்பை விமான நிலைய இரண்டாம் முனையத்தில் 2014 முதல் ராஜீவ் சேத்தி அமைத்த ‘ஜெய ஹே’ கலைக்காட்சி இருக்கிறது. ஆயிரக்கணக்கான கலைப்பொருட்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுபவர் கண்ணில் எத்தனை படுமோ! அந்த ஊரில் பிறந்த ஓவியர் சியோனா பெஞ்சமினுக்கு அப்படி ஒரு இடத்தில் தனிச்சுவரே தரலாம்.

இப்போது அமெரிக்காவில் வாழும் இவர் பெனே இஸ்ரேல் யூதர். கொங்கணக் கரையில் செக்காட்டி எண்ணெய் எடுத்த சமூகம். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிட்டதால் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்றே பெயர். சியோனா வரையும் பெண்கள் நீல நிறம். முகலாயச் சிற்றோவியத்தின் மெல்லிய கோடு, அமெரிக்கச் சித்திரக்கதையின் பளிச்சென்ற வண்ணம், நடுவில் யூத மறைநூல் பெண்கள். ஒட்டாது என்றுதான் தோன்றும், ஒட்டுகிறது. எவருக்கும் சொந்தமில்லாத வானத்தின், கடலின் நிறம் நீலம் என்பது அவர் விளக்கம். உத்திரமேரூரில் சுந்தர வரதப் பெருமாளைச் சேவித்து வளர்ந்தவர்களுக்கு நீலமேனி புதிதா என்ன?

நம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரிலும் விமான நிலையம் வரும் என்கிறார்கள். ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் எதிர்த்துப் போராடுகிறார்கள். நிலம் போகிறவர்களின் நியாயம் அது. கட்டியே தீர்வதானால், ஐயா, சுவர் முழுவதையும் நகைக்கடை விளம்பரத்துக்கு விட்டுவிடாதீர்கள். காஞ்சி நெசவாளிக்குக் கொஞ்சம், இந்த நீலப் பெண்களுக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள்.