ரயில் அட்டவணையும் 'உன் கருத்து என்ன?' கேள்வியும்

என்.எஸ்.பிரபுவின் 'செகண்ட் லாங்வேஜ் பெடகாஜி' 1987-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட ஒரு சின்னப் புத்தகம். 'டாஸ்க்' வழியாக மொழி கற்பிப்பது பற்றி வெளிநாட்டில் யார் எழுதினாலும், இந்தப் பெயர் எப்படியும் எட்டிப் பார்த்துவிடும். பரிசோதனை நடந்ததோ பெங்களூரிலும், சென்னையிலும், கடலூரிலும். எனக்குத் தெரிந்த ஆங்கில ஆசிரியர்கள் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தர் மட்டும் பி.எட். படிக்கும்போது பெயரைக் கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

நான் கல்வித்துறை ஆள் இல்லை, சாஃப்ட்வேர் வேலை. ஆனா வருஷா வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ எடுக்கிறேன். அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு விஷயம்தான் என்னை இந்தப் புத்தகத்துக்குக் கொண்டு வந்தது. 'என்கேப்சுலேஷன்' என்றால் என்ன என்று கேட்டால் பையன் சுத்தமான ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் சொல்லுவான். "டேட்டாவை மறைக்கிறோம்னு சொன்னீங்களே, யார்கிட்டேர்ந்து மறைக்கிறோம்?" என்று கேட்டவுடனே ஆங்கிலம் நின்றுவிடும். தமிழில் சொல்லுங்க என்றாலும் நின்றுதான் இருக்கும். இது ஆங்கிலப் பிரச்சினையா, யோசிக்கிற பிரச்சினையா? இரண்டையும் பிரிக்க முடியாது என்பது பிரபுவின் நிலைப்பாடு. அதில் எனக்குப் பெரும்பகுதி சம்மதம், ஒரு இடத்தில் சம்மதமில்லை.

முதலில் பின்னணி. 1950-களிலிருந்து தென்னிந்தியப் பள்ளிகளில் ஆங்கிலம் என்றால் வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினம் என்று வரிசை கட்டி, வாய்வழியாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. அதைப் பரப்புவதற்கு அப்போதைய மதராஸ் மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கும் முயற்சியே நடந்தது. ஒருவர் கற்று இன்னும் பலருக்குக் கற்றுக்கொடுக்க, அவர்கள் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருகுவதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்று பெயர். பனியே பார்க்காத ஊருக்கு நல்ல பெயர்தான்.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த பிரபுவுக்கு இந்த வரிசை மேல் நம்பிக்கை போய்விட்டது. 1979-லிருந்து 1984 வரை, பெங்களூரில் இருந்த வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையோடு சில பள்ளிகளில் வேறு மாதிரி வகுப்பு நடத்தினார்கள். இலக்கணப் பாடம் கிடையாது, வாக்கிய வரிசையும் கிடையாது. தினமும் ஒரு சின்னப் புதிர், அவ்வளவுதான். வரைபடம், கால அட்டவணை, விலைப்பட்டியல் இப்படி ஏதாவது ஒன்று. முதலில் ஆசிரியர் அதே மாதிரி இன்னொரு புதிரை மொத்த வகுப்போடும் கேள்வி கேட்டுக் கேட்டுப் போடுவார். பிறகு பிள்ளைகள் தனித்தனியாக அடுத்ததைப் போட வேண்டும். விடை சரியா என்று பார்ப்பார்கள். இலக்கணம் சரியா என்று மதிப்பெண் போடுவதில்லை. வகுப்பில் பாதிப் பேராவது பாதிக்கு மேல் சரியாகப் போட்டால் புதிர் சரியான கனத்தில் இருக்கிறது என்று கணக்கு.

பிரபு செய்த ஒரு பாகுபாடு இந்தப் புத்தகத்தின் உயிர் என்று நினைக்கிறேன். வகுப்பறை வேலைகளை மூன்றாகப் பிரிக்கிறார். ஒன்று, தகவலை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றுவது. இரண்டு, கொடுத்த தகவலிலிருந்து யோசித்துப் புதிய தகவலை எடுப்பது. மூன்று, சொந்தக் கருத்தைச் சொல்வது. பார்வைக்கு மூன்றாவதுதான் உயர்ந்த ரகம் மாதிரி தெரியும், இல்லையா? பிரபு தேர்ந்தெடுத்தது நடுவில் இருப்பதை. சொந்தக் கருத்து என்பது ரொம்பத் திறந்த வெளி, ஆரம்ப நிலைப் பிள்ளைக்குப் பிடிமானம் கிடைக்காது என்று நினைத்தார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். புத்தகத்தில் இருப்பது இல்லை, நானே போட்டது, நேரங்கள் எல்லாம் கற்பனை. ஒருத்தருக்கு எழும்பூர் போய் அங்கிருந்து 40 நிமிஷம் பஸ்ஸில் போகிற ஒரு ஆபீசில் 11.30-க்கு மீட்டிங். மூன்று ரயில் இருக்கிறது. 6.50-க்குக் கிளம்பி 10.20-க்குச் சேருவது ஒன்று, 7.40-க்குக் கிளம்பி 10.45-க்குச் சேருவது ஒன்று, 8.30-க்குக் கிளம்பி 11.05-க்குச் சேருவது ஒன்று. அவர் 7.15-க்குத்தான் மகளைப் பள்ளியில் விட முடியும். பள்ளியிலிருந்து ஸ்டேஷன் 20 நிமிஷம். எந்த ரயில்? 7.40. ஆபீஸ் சேரும்போது 11.25. கணக்கு அஞ்சாங்கிளாஸ் கணக்குதான். ஆனால் "ஏன் 8.30 ரயிலில் போகக் கூடாது?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், பிள்ளைக்கு 'கேன்ட்', 'பிகாஸ்', 'டூ லேட்' மூன்றும் அந்த நிமிஷமே தேவைப்படுகிறது. அந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்புறம் வாய்ப்புத் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று, இதை மனப்பாடம் செய்ய முடியாது. எங்கள் தொழிலில் ஒரு திருட்டு வேலை உண்டு. டெஸ்ட்டில் என்ன விடை எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், கணக்கே போடாமல் அந்த விடையை அப்படியே திருப்பி அனுப்புகிற மாதிரி கோடு எழுதிவிடலாம். டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டும், புரோகிராம் மட்டும் வேலை செய்யாது. இதைப் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு தடவையும் உள்ளீட்டை மாற்றுவது. 7.40 ரயில் பத்து நிமிஷம் லேட் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், 11.25 என்பது 11.35 ஆகிவிடும், நேற்றைய விடை செத்துப் போய்விடும்.

இப்போது நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வைப் பாருங்க. 'ரோட் மேப்' கேள்வி வரும். வரைபடத்தைப் பார்த்து ஒருத்தருக்கு வழி சொல்ல வேண்டும். பிரபு வகுப்பிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். ஆனால் நடக்கிறது என்ன? 'கோ ஸ்ட்ரெய்ட், டேக் லெஃப்ட், யூ வில் ஃபைண்ட் இட் ஆன் யுவர் ரைட்' என்று ஒரு அச்சு இருக்கிறது. டியூஷனில் அந்த அச்சை மட்டும் ஏற்றிவிடுவார்கள். இடது வலது மட்டும் மாறும். மதிப்பெண் வந்துவிடும். பிரபுவின் பாகுபாட்டை வைத்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. இது முதல் வகை. படத்தில் இருப்பதைச் சொற்களுக்கு மாற்றுகிறோம், அதில் முடிவெடுக்க எதுவுமில்லை. 'மழையால் இந்தத் தெரு மூடியிருக்கிறது, கூட வருகிற பாட்டியால் படி ஏற முடியாது, எந்த வழி?' என்று கேட்டால் அதே படம் இரண்டாவது வகைக்குப் போய்விடும்.

மூன்றாவது வகையின் கதை இன்னும் மோசம். 'கிரிட்டிகல் திங்கிங்' இப்போது எல்லா ஆவணத்திலும் இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையிலும் இருக்கிறது, பாடம் முடிகிற இடத்திலும் பெட்டி போட்டு இருக்கிறது. பெட்டிக்குள்ளே பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இதைப் பற்றி உன் கருத்து என்ன? கைடில் 'என் கருத்து' நான்கு வரியில் அச்சாகி இருக்கும். நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே சொந்தக் கருத்து. கைடு போடுகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. காரணம் கேட்காத, எதற்கு எதிராகவும் சரிபார்க்க முடியாத கேள்விக்கு மனப்பாடம்தான் புத்திசாலித்தனமான பதில். பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

ஆர்வம் விஷயத்துக்கு வருவோம். மொழி கற்கும் ஆர்வம் பற்றிப் பேசினால் கார்ட்னர், லாம்பர்ட் என்ற இரண்டு கனடாக்காரர்கள் பெயர் வரும். 1959-இல் மான்ட்ரியல் மாணவர்களிடம் ஆய்வு செய்து, அந்த மொழி பேசும் மக்களோடு கலக்க வேண்டும் என்ற விருப்பத்தைச் 'சேரும் ஆர்வம்' என்றும், வேலை மாதிரி பயனுக்காகக் கற்பதைக் 'கருவி ஆர்வம்' என்றும் பிரித்தார்கள். அங்கே முன்னதுக்குத்தான் வலு. பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு பேசுகிற ஊர் அது. 1972-இல் யாஸ்மீன் லுக்மானி பம்பாயில் மராத்தி பேசும் 60 பள்ளி மாணவிகளிடம் பார்த்தபோது, ஆங்கிலத் திறனோடு சேர்ந்து வந்தது கருவி ஆர்வம்தான். நமக்கு இதில் ஆச்சரியமில்லை. இங்கே ஆங்கிலம் படிக்கிற பிள்ளை யாரோடும் போய்ச் சேர்வதற்காகப் படிக்கவில்லை. வேலைக்குத்தான்.

ஆனால் வேலை எப்போது? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து வருஷம் கழித்து. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாலாவது பீரியடில், ஃபேன் ஓடாத வகுப்பில், அந்த வேலை எப்படி இழுக்கும்? இழுக்காது. அதனால்தான் மதிப்பெண், அடி, டியூஷன் என்று இடையில் முட்டுக்கொடுக்கிறோம். இந்த இடத்தில் பிரபுவின் பந்தயம் வேறு. எதிர்காலமும் வேண்டாம், இங்கிலாந்துக்காரனும் வேண்டாம். கண்ணுக்கு முன்னால் விடை கிடைக்கிற தூரத்தில் ஒரு புதிர் இருந்தால் மனசு அதை விடாது. எனக்கு இது சரி என்று படுகிறது. நடுராத்திரி ஒரு மணிக்கு பக் தேடுகிற எவனும் சம்பளத்தை நினைத்துத் தேடுவதில்லை.

முடிவு எப்படி இருந்தது? பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர் வெளியிலிருந்து வந்து மதிப்பிட்டு 1985-இல் எழுதினார்கள். வாக்கிய அமைப்பை நேரடியாகச் சோதித்த தேர்வில் வழக்கமான வகுப்புகளும், புதிர் மாதிரித் தேர்வில் பிரபு வகுப்புகளும் முன்னால் நின்றன. அவரவர் ஆடுகளத்தில் அவரவர் ஜெயித்தார்கள், இது எதிர்பார்த்ததே. இரண்டு பக்கமும் சாராத தேர்வுகளில் பெரும்பாலும் பிரபு வகுப்புகளுக்குச் சாதகமாக இருந்தது. மதிப்பிட்டவர்களே எச்சரிக்கையோடுதான் சொன்னார்கள். பிள்ளைகளைக் குலுக்கிப் போட்டுப் பிரித்த சோதனை இல்லை அது, ஏற்கெனவே இருந்த வகுப்புகள்தான். ஆசிரியர்களும் ஒரே மாதிரி இல்லை. பெரெட்டா பின்னால் ஆசிரியர்களின் அனுபவத்தைத் தனியாக ஆராய்ந்தார். வெளியிலிருந்து வந்து பாடம் எடுத்தவர்கள் சமாளித்த அளவுக்கு, பள்ளியின் வழக்கமான ஆசிரியர்களால் முடியவில்லை. அமைப்பு வரிசை என்றால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். புதிரில், பிள்ளை என்ன கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு அந்த நொடியில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். 27,000 பேருக்குப் பனிப்பந்து உருட்டிப் போகிற விஷயம் இல்லை இது.

இனி எனக்குச் சம்மதமில்லாத இடம். மேலே சொன்ன ரயில் புதிரை ஏழாவது படிக்கிற என் அக்கா பையனிடம் கொடுத்தேன். 7.40 என்று கொஞ்ச நேரத்தில் சொன்னான். காரணம் பாதி ஆங்கிலம் பாதி தமிழ். அப்புறம் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மாமா, ஏன் அப்பாதான் ஸ்கூல்ல விடணுமா? அம்மா விட்டா 6.50 ரயிலே பிடிக்கலாமே. அஞ்சு நிமிஷத்த நம்பியா ஒருத்தர் மீட்டிங் போவாரு?" என்றான்.

இதற்கு என்னிடம் விடைக்குறிப்பு இல்லை. பிரபுவிடமும் இருக்காது. அவருடைய புதிரில் கொடுத்தது கொடுத்ததுதான். அட்டவணை உண்மை, விதி உண்மை, அதற்குள்ளே யோசி. பையன் அந்தச் சுவரையே தட்டிப் பார்க்கிறான். கொடுத்ததிலிருந்து சரியாக முடிவுக்கு வருவது ஒன்று, கொடுத்ததையே சந்தேகிப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் விமர்சனச் சிந்தனை என்று சொல்ல வேண்டும். பிரபு முதலாவதோடு நின்றுவிட்டார். ஆரம்பநிலை வகுப்புக்கு அது நியாயமான தேர்வு, ஆனால் அங்கேயே நிற்க முடியாது. வாட்ஸப்பில் வருகிற அட்டவணையில் தப்பு இருக்குமா என்று கேட்கத் தெரிய வேண்டாமா?

ஆனால் பாருங்க, 'பெண்கள் வேலைக்குப் போவது பற்றி உன் கருத்து என்ன' என்று நேரடியாகக் கேட்டிருந்தால் அவன் கைடு பாஷையில்தான் பேசியிருப்பான். அப்பாதான் விடணுமா என்ற கேள்வி, 6.50-ஐ இழக்கிறோம் என்று கணக்குப் போட்ட பிறகே வந்தது. பிரபு தள்ளிவைத்த மூன்றாவது வகைக்குப் போகிற பாதை அவருடைய இரண்டாவது வகைக்குள்ளேயே இருக்கிறது. அவர் அதை நடந்து பார்க்கவில்லை என்பதுதான் என் குறை. பிள்ளைகளைக் குழுவாகப் பேச விட்டால் ஒருவர் தப்பை இன்னொருவர் பழகிவிடுவார்கள் என்று குழு வேலையையும் ஒதுக்கினார். மொழியை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரியாக இருக்கலாம். ஆனால் கொடுத்ததைச் சந்தேகிக்கிற தைரியம் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற பையன் "அது எப்படிடா?" என்று கேட்கும்போதுதான் வரும்.

தேர்வில் இதைச் சேர்க்க முடியுமா என்று யோசித்தேன். ரோட் மேப் கேள்விக்குப் பதிலாக ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு அட்டவணை, வருஷா வருஷம் புதியது. மூன்று மதிப்பெண் விடைக்கும் காரணத்துக்கும். இரண்டு மதிப்பெண், கொடுத்த தகவலில் எதை நம்பத் தயக்கம், ஏன் என்பதற்கு. முதல் பகுதிக்குக் கைடுக்காரர்கள் நூறு அட்டவணை அச்சடிப்பார்கள், அடிக்கட்டும், நூறையும் போட்டுப் பார்த்தால் பையனுக்கு லாபம்தான். இரண்டாவது பகுதிதான் சிக்கல். 'ரயில் லேட்டாக வரலாம்' என்று ஒரு வரியை எல்லோரும் எழுதி வைப்பார்கள், திருத்தும் முகாமில் கட்டுக்கட்டாகப் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறவர் அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார். என் அக்கா பையன் எழுதியதற்கு என்ன போடுவார்?