படத்துக்குக் கீழே எழுதும் வரி

ஆறு வயதுக் குழந்தை தன் கதையை வரையும்போது தாளில் இருப்பது பாதிதான், மீதி அதன் வாயில் இருக்கிறது. "இது எங்க ஆயா, இது ஆடு, இப்ப மழ வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஆயாவின் மேல் கோடுகளாக இழுத்துத் தள்ளும். கேட்காமல் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது கிறுக்கல். ருஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி குழந்தையின் ஓவியத்தை எழுத்துக்கு முந்தைய கட்டமாகவே கண்டார். குழந்தை வரைந்து சொல்லும் கதையை ஆசிரியர் படத்துக்குக் கீழே எழுதித் தருவதுதான் படக்கதை முறை. எழுத்தறியாத குழந்தைக்கும் சொல்ல விஷயம் உண்டு என்று ஏற்பதுதான் அதன் பெரும்பலம்.

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963இல் வெளியான 'டீச்சர்' நூலில் ஒரு வழியை விவரித்தார். குழந்தை மனத்தை ஆட்டிவைக்கும் சொல்லை அதனிடமே கேட்டு, அட்டையில் எழுதிக் கொடுத்து, அங்கிருந்து வாசிப்பைத் தொடங்கினார். பயமும் பாசமும் கலந்த சொற்கள் ஒரே பார்வையில் பதிந்தன.

குழந்தை சொன்னதைத் தமிழில் படத்துக்குக் கீழே எழுதும்போது சிக்கல் வருகிறது. "ஆயா நனஞ்சுபோச்சு" என்கிறது குழந்தை. "பாட்டி மழையில் நனைந்தார்" என்று ஆசிரியர் எழுதுகிறார். குழந்தை அந்த வரியில் தன் ஆயாவைத் தேடிக் காணாது. முதல் சில மாதங்களாவது சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பேன். எழுத்துத் தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பாடநூலும் கரும்பலகையும் நாள் முழுக்க அதைத்தானே காட்டுகின்றன!

ஆனால் இம்முறை எழுத்துகளைத் தானாகக் கற்றுத் தராது. இது சிறிய குறையல்ல. தமிழில் உயிர்மெய் மட்டும் 216. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலியோ பின்னால் வரும். குழந்தையின் கதையில் இவையெல்லாம் வரிசையாக வந்து வாய்க்காது. தனி நேரமும் முறையான பயிற்சியும் வேண்டும். படக்கதையே போதும் என்று விட்டுவிட்டால், அழகாக வரைந்தும் வாசிக்கத் தெரியாமலே பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும்.

பரிசு, மதிப்பெண் என்று வந்துவிட்டாலும் கதை ஓடிவிடும். இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை என்று எல்லாத் தாளும் ஒன்றுபோல் ஆகும்.

30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் எல்லாருடைய கதையையும் ஒரே நாளில் கேட்டு எழுத ஓர் ஆசிரியரால் ஆகாது. நாளுக்கு ஐந்து பேர் என்று முறை வைக்கலாம். மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் தம் கதையைச் சொல்லட்டும். "அப்புறம் ஆடு எங்க போச்சு?" என்று அந்தப் பிள்ளை கேட்டால், பதிலை வரைய இன்னொரு தாள் கொடுக்க வேண்டும்.