முகம் நடிக்கும், விரல் மறந்துவிடும்

2003 மே மாதம். லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதி. 839 பேரோடு தொடங்கிய உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் இரண்டே பேர் மிச்சம். ஒருவர் சாம் ஃபர்ஹா, பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் தொங்கவிட்டபடி ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர். எதிரே கிறிஸ் மணிமேக்கர், டென்னஸி மாநிலத்துக் கணக்கர். மணிமேக்கர் என்பது பட்டப்பெயர் இல்லை, குடும்பப் பெயரே அதுதான். 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள போட்டிக்கு, நூறு டாலருக்கும் குறைவான இணையத் தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்தவர்.

மேஜையில் ஐந்து பொதுச் சீட்டுகளும் விழுந்துவிட்டன: இஸ்பேட் 9, டைமண்ட் 2, இஸ்பேட் 6, இஸ்பேட் 8, ஆட்டின் 3. மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் 7ம். கடைசிச் சீட்டு இஸ்பேடாக வந்திருந்தால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃபிளஷ். 5 அல்லது 10 வந்திருந்தால் வரிசையாக ஐந்து சீட்டு, அதாவது ஸ்ட்ரெய்ட். எதுவும் வரவில்லை, ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. அந்த வெறுங்கையோடு ‘ஆல்-இன்’ என்று சொல்லி, இருந்த சிப்ஸ் எனும் பந்தய வில்லைகள் அத்தனையையும் பந்தயத்தில் வைத்தார்.

ஃபர்ஹாவிடம் இஸ்பேட் ராணியும் ஆட்டின் 9ம் இருந்தன. 9இல் ஒரு ஜோடி, ஜெயிக்கும் கை. ஃபிளஷ் தவறிப்போயிற்றோ என்று அவர் எதிராளியிடம் கேட்டே பார்த்தார். மிகச் சரியான கேள்வி. பதிலுக்கு ஏதாவது ஒரு அசைவு கிடைக்கும் என்று காத்திருந்தார். கூலிங் கிளாஸும் தொப்பியும் போட்டிருந்த மணிமேக்கர் சிலைபோல உட்கார்ந்திருந்தார். ஃபர்ஹா சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டார். கொஞ்ச நேரத்தில் போட்டியும் முடிந்தது. கணக்கர் 25 லட்சம் டாலரோடு ஊர் திரும்பினார்.

கையில் உள்ள சீட்டின் தரத்தை உடம்பு காட்டிக்கொடுக்கும் அறிகுறியைப் போக்கர்காரர்கள் ‘டெல்’ என்பார்கள். 2003இல் மணிமேக்கர் செய்தது அதை அடியோடு அடைத்துவைப்பது. மூன்று ஆண்டு கழித்து, அதே தொடரில், நேரெதிர் வழியில் ஒருவர் ஜெயித்தார்.

2006இல் 8,773 பேர் ஆடினார்கள். முதல் பரிசு 1 கோடியே 20 லட்சம் டாலர். அதை வென்ற ஜேமி கோல்ட் வாயை மூடவே இல்லை. தன் கையில் இருப்பதை எதிராளியிடமே சொல்வார். பல நேரம் சொன்னது உண்மையாகவும் இருக்கும். போக்கர் மேஜையில் உண்மையை யார் நம்புவார்? கடைசிக் கையில் எதிராளி பால் வாசிக்காவிடம் 10இல் ஒரு ஜோடி. கோல்ட் கையில் ராணியும் 9ம். பொதுச் சீட்டில் முதலிலேயே ஒரு ராணி விழுந்து, கோல்ட் முந்திவிட்டார். ஆல்-இன் வைத்துவிட்டு அவர் பேசிய பேச்சில், வாசிக்கா யோசித்து யோசித்துக் கடைசியில் ‘கால்’ சொல்லி அந்தப் பந்தயத்துக்கு ஈடுகட்டினார். தொடர் அங்கே முடிந்தது.

ஒருவர் ஊமையாக இருந்து பொய்யை விற்றார். இன்னொருவர் உண்மையைப் பொய்போல விற்றார். இரண்டிலும் எதிராளி ஏமாந்தது ஒரே இடத்தில்தான்: மேஜையில் சிப்ஸ் சொல்லும் கதையைவிட, எதிரே இருக்கும் மனிதர் சொல்லும் கதைக்கு அதிக மதிப்புக் கொடுத்தார்.

எதிராளியை ஏமாற்ற வேண்டுமென்றே காட்டும் போலி டெல்லுக்கு ஒரு பால பாடம் உண்டு. மைக் காரோ 1984இல் புகைப்படங்களோடு எழுதிய நூல் பரப்பிய பாடம் அது. வலுவான கை உள்ளவர் சோர்ந்ததுபோலக் காட்டுவார். வெறுங்கைக்காரர் மார்பை நிமிர்த்துவார். பெருமூச்சு விட்டு, தோளைக் குலுக்கி, “சரி, போகட்டும்” என்பதுபோலப் பந்தயத்தை ஏற்றுகிறவரைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். முறைத்துப் பார்த்து சிப்ஸை ‘டப்’பென்று வைப்பவர், பெரும்பாலும் உங்களைத் துரத்தப் பார்க்கிறார்.

பாடம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால்? அப்போது கெட்டிக்காரர் அதையே திருப்பிப்போடுவார். வெறுங்கையோடு வேண்டுமென்றே பெருமூச்சு விடுவார். போலி டெல்லின் விதி இதிலிருந்து பிறக்கிறது: படிக்கத் தெரிந்தவரிடம்தான் நடிப்பு செல்லும். புதிதாக ஆட வந்தவர் தன் இரண்டு சீட்டைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை. அவரிடம் நடிப்பது இருட்டில் கண்ணடிப்பதுபோல.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? 2013இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் மைக்கேல் ஸ்லெபியன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. 2009 உலகத் தொடரில் வீரர்கள் பந்தயம் வைக்கும் காட்சிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி மாணவர்களுக்குக் காட்டினார்கள். சிலருக்கு இடுப்புக்கு மேல் முழு உடல், சிலருக்கு முகம் மட்டும், சிலருக்குக் கை மட்டும். கையின் அசைவை மட்டும் பார்த்தவர்கள், குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சரியாகச் சீட்டின் தரத்தை ஊகித்தார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கையும்விட மோசம். நல்ல சீட்டு உள்ளவரின் கை, சிப்ஸைத் தடங்கலின்றி வழுக்கிக்கொண்டு நகர்த்தியது. வித்தியாசம் சிறியதுதான். ஆனாலும் அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற நம் பழமொழி போக்கர் மேஜையில் தோற்றுப்போகிறது. முகத்தைக் காக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கவலையில் விரலைக் காக்க மறந்துவிடுகிறார்கள்.

விரலிலும் ஒரு பொறி உண்டு. சிப்ஸ் வைக்கும் கை நடுங்கினால் பயம் என்று புதியவர் நினைப்பார். அனுபவசாலிகள் கணக்கு வேறு: திடீரென்று தொடங்கும் நடுக்கம், பெரிய சீட்டு விழுந்த படபடப்பாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனால் ‘திடீரென்று’ என்ற சொல்தான் முக்கியம். எப்போதுமே கை நடுங்குகிறவர்களும் உண்டு. ஆகவே ஒருவரைப் படிக்க நல்ல நேரம், நீங்கள் ஆட்டத்தில் இல்லாத நேரம். அவர் சாதாரணமாக எப்படி உட்காருகிறார், எவ்வளவு வேகத்தில் பந்தயம் வைக்கிறார் என்று கவனித்து, சீட்டைத் திருப்பிக் காட்டும்போது ஒப்பிட்டு மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பவருக்கு இந்த வாய்ப்பு கிடைக்காது.

கண்டுபிடித்த பிறகுதான் கடினமான வேலை. டென்னிஸில் போரிஸ் பெக்கரிடம் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்ற ஆந்த்ரே அகாசி, அடுத்த பதினொன்றில் பத்தை ஜெயித்தார். சர்வீஸ் போடும் முன் பெக்கரின் நாக்கு எட்டிப்பார்க்கும் திசையை வைத்தே பந்து வரும் பக்கத்தைக் கண்டுகொண்டதாக அகாசி பின்னாளில் சொன்னார். ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் அதைப் பயன்படுத்தவில்லை. திருப்புமுனையான புள்ளிகளுக்கு மட்டும் வைத்திருந்தார். தனக்குத் தெரியும் என்பது பெக்கருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதே பெரும் பாடாக இருந்ததாம். போக்கரிலும் அதேதான். எதிராளியின் டெல்லைக் கண்டதும் உங்கள் முகம் மலர்ந்தால், அது உங்கள் டெல்.

என் தீர்ப்பு இதுதான்: முதல் சாட்சி பந்தயம். முதல் சுற்றிலிருந்து கடைசி வரை அவர் வைத்த தொகைகள் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். அதில் முடிவுக்கு வர முடியாதபோது கையைப் பாருங்கள். முகம் கடைசி சாட்சி, அதுவும் பிறழ் சாட்சி. நீங்கள் ஏமாற்ற விரும்பினாலும் பெரிய நடிப்பு தேவையில்லை. நல்ல சீட்டோ வெறுங்கையோ, ஒரே நிதானத்தில், ஒரே விதமாகச் சிப்ஸை நகர்த்தப் பழகினாலே எதிராளிக்குப் படிக்க எதுவும் மிஞ்சாது.

சோதித்துப் பார்க்கப் பணம் வேண்டியதில்லை. அடுத்த முறை போக்கர் ஒளிபரப்பு பார்க்கும்போது ஒலியை அணையுங்கள். சீட்டு விவரம் வரும் மூலையையும் வீரரின் முகத்தையும் மறைத்துக்கொண்டு, சிப்ஸை நகர்த்தும் கையை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு முகத்தைப் பார்த்தும் சொல்லிப் பாருங்கள். எதில் அதிகம் ஏமாந்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.