இறுக்கினால் வேகம் வந்துவிடுமா?

சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தைத் திறந்துவிடும் நாட்களில், பிட் பக்கம் சும்மா நின்றாலே ஒரு காட்சி தப்பாமல் கிடைக்கும். பானெட்டைத் தூக்குவார்கள். ஷாக் அப்சார்பரின் தலையில் இருக்கும் சின்னத் திருகை டிக், டிக், டிக் என்று கடைசி வரை இறுக்குவார்கள். நான்கு சக்கரத்துக்கும் அதே வைத்தியம். ‘ரேஸ் செட்டிங் போட்டாச்சு’ என்று பானெட் மூடப்படும். நாலு லேப் ஓட்டிவிட்டு இறங்குபவர் முகத்தில் வியர்வையும் திருப்தியும் வழியும். ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தால், காலையில் ஓட்டியதைவிட நேரம் கூடியிருக்கும்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குலுங்குகிற வண்டி வேகமாகப் போவது போலவே தோன்றும். ஏமாறுவது நம் முதுகெலும்பு, டயர் ஏமாறாது.

சஸ்பென்ஷனில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். வண்டி எவ்வளவு அமுங்கும் என்பது அதன் கையில். எவ்வளவு சீக்கிரம் அமுங்கும், எவ்வளவு சீக்கிரம் எழும் என்பது ஷாக்கின் கணக்கு. உள்ளே எண்ணெய், அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் சிறு துளைகளும் மெல்லிய தகடுகளும். எண்ணெய் அவற்றினூடே நெருக்கிப் புகும்போது குலுக்கலின் ஆற்றல் சூடாகிக் கரைகிறது. திருகை இறுக்கினால் எண்ணெய்க்கான வழி குறுகும். நடப்பது அவ்வளவுதான்.

அதனால்தான் நீண்ட வளைவில் வண்டி சாய்ந்து நிலைத்துவிட்ட பிறகு ஷாக்குக்கு வேலை இல்லை. அங்கே பேசுவது ஸ்பிரிங்கும், வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஆன்டி ரோல் பாரும். பிரேக்கை மிதித்து மூக்கு தாழும் கணம், ஸ்டீயரிங்கைத் திருப்பும் கணம், ஆக்சிலரேட்டரைக் கொடுக்கும் கணம்: ஷாக்கின் ஆட்சி இந்த இடைவேளைகளில் மட்டுமே.

அமுங்குவதற்கு ஒரு தடை, எழுவதற்கு இன்னொரு தடை. மெக்கானிக்குகள் பம்ப், ரீபவுண்ட் என்பார்கள். பம்பை அளவு மீறி இறுக்கினால், மேட்டில் மோதிய சக்கரம் உள்ளே போக முடியாமல் வண்டியையே தூக்கிப் போடும். டயர் தரையைத் தொடாமல் தாவும். ரீபவுண்டை அளவு மீறி இறுக்கினால் விபரீதம் வேறு மாதிரி. ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் மீண்டு வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் ரப்பர் ஸ்டாப்பரில் போய் இடிக்கும். ஓட்டுபவரோ ‘இன்னும் சாஃப்டா இருக்கு’ என்று மேலும் இரண்டு கிளிக் இறுக்குவார்!

இன்னொரு குழப்பமும் உண்டு. ஷாக் விஷயத்தில் ‘வேகம்’ என்றால் பிஸ்டனின் வேகம். வழவழப்பான தடத்தில் வண்டி 120 கி.மீ. வேகத்தில் போனாலும் பிஸ்டன் நத்தை போல நகரும். 40 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் அதே பிஸ்டன் பாயும். தலையில் இருக்கும் ஒற்றைத் திருகு பெரும்பாலும் மாற்றுவது அந்த மெதுவான அசைவைத்தான். பள்ளத்தின் அடியை அது முழுதாகச் சரிசெய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பந்தய வரலாறு என்ன சொல்கிறது? 1987-ல் ஃபார்முலா 1-ன் லோட்டஸ் அணி, கணினி இயக்கும் ஆக்டிவ் சஸ்பென்ஷனோடு அயர்டன் சென்னாவைக் களமிறக்கியது. அந்த ஆண்டு அந்தக் கார் வென்றது இரண்டே பந்தயங்கள்: மொனாக்கோ, டெட்ராய்ட். இரண்டுமே அன்றாடம் ஊர் வண்டிகள் ஓடும் தெருக்கள். மேடு பள்ளம் நிறைந்த டெட்ராய்டில் டயரே மாற்றாமல் ஓடி முடித்தார் சென்னா. குலுக்கலைக் கார் வாங்கிக்கொண்டது, டயர் பிழைத்தது. 1992-ல் இதே உத்தியை மெருகேற்றிய வில்லியம்ஸ் காரில் நைஜல் மான்செல் ஒன்பது பந்தயங்களை வென்று சாம்பியன் ஆனார். 1994-ல் ஆக்டிவ் சஸ்பென்ஷனுக்கே தடை வந்தது.

எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. 2022-ன் புதிய ஃபார்முலா 1 கார்கள் தரையோடு ஒட்டி, கல் போல இறுகி ஓடவேண்டியிருந்தது. பாகு பந்தயத்தில் நாலாவதாக முடித்த லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினார். அந்தக் குலுக்கலுக்கு வரம்பு கட்ட, பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ தலையிட வேண்டியதாயிற்று.

நம் ஊருக்கு வருவோம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்கள் சீறின. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. தடம் பந்தயத்துக்கென்றே போடப்பட்டது. தீவுத்திடல் தடத்தில் வரும் அண்ணா சாலையோ பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போடப்பட்டது. மழைநீர் வடிய சாலையின் நடு உயர்ந்து ஓரம் சரியும். ஒட்டுப்போட்ட இடங்கள் குறுக்கிடும். இரண்டுக்கும் ஒரே செட்டிங் என்றால் எப்படி? ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்.

சரி, எப்படித்தான் கறப்பது? முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். அது தப்பாக இருந்தால் மற்றதெல்லாம் வீண். உங்கள் ஷாக் எந்த ரகம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கோனியின் மஞ்சள் ஷாக்கில் திருகு ரீபவுண்டை மட்டும் மாற்றும். பில்ஸ்டைனின் பத்துப் படி ஷாக்கில் இரண்டும் சேர்ந்தே மாறும். காலையில் வந்த செட்டிங்கிலிருந்து திருகை முழுக்க மூட எத்தனை கிளிக் என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். நடுவில் தொடங்கி, ஒரு தடவைக்கு முன்பக்கம் அல்லது பின்பக்கம் மட்டும், இரண்டு கிளிக். இடது வலது சமமாக. மூன்று லேப் ஓடி நேரத்தைக் குறியுங்கள்.

ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுங்கள். ஓடி முடித்து வந்து பார்த்தால், சக்கரம் எதுவரை மேலேறியது என்பதை அந்த வளையம் நின்ற இடம் காட்டிக்கொடுக்கும். காசில்லாத டேட்டா லாகர் இது.

வளைவுக்குள் நுழையும் கணத்தில் மட்டும் முன்பக்கம் வெளியே தள்ளினால் முன் ஷாக்கைத் தொடலாம். வளைவு முழுக்கத் தள்ளினால் ஷாக் மேல் பழி போடாதீர்கள். ஸ்பிரிங், ஆன்டி ரோல் பார் பக்கம் பாருங்கள். தொடர்ந்து ஓட ஓட எண்ணெய் சூடேறி இளகும். அதனால் முதல் லேப்பில் சரியாக இருந்தது பத்தாவது லேப்பில் தளர்ந்து தெரியலாம். அதற்கும் உடனே திருகைத் தேடி ஓட வேண்டாம்; வண்டியை ஆறவிட்டுப் பாருங்கள்.

என் தீர்ப்பு இதுதான்: நல்ல செட்டிங் என்பது டயரைத் தரையில் வைத்திருக்கும் செட்டிங்குகளிலேயே மிக மென்மையானது. அதற்கு மேல் இறுக்குகிற ஒவ்வொரு கிளிக்கும் வீம்பு.

கடைசியாக ஒன்று. மாலை கேட்டைத் தாண்டுவதற்கு முன் நோட்டைப் பிரித்து, காலையில் வந்த எண்ணுக்கே திருகைத் திருப்பிவிடுங்கள். வெளியே பூந்தமல்லி வரைக்கும் லாரி இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, மழை பெய்தால் வழுக்கலும் இருக்கிறது. அங்கே யாரும் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கவில்லை.