மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ

எங்கள் பேட்டையில் ஒரு சபா இருக்கிறது. பெயர் வேண்டாம். செயலாளர் நல்ல மனுஷர். அடுத்த வருஷமும் எனக்கு முதல் வரிசையில் இடம் வேண்டும்.

ஒரு பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை ஹால், 150 பிளாஸ்டிக் நாற்காலி, மேடைக்குப் பின்னால் சரஸ்வதி படம், வாசலில் காபி டிரம். மார்கழியில் பெரிய சபாக்களோடு மல்லுக்கட்ட முடியாது என்பதால் ஆவணியில் ஐந்து சனிக்கிழமை, ஐந்து கச்சேரி. டிக்கெட் கிடையாது. வாசலில் ஒரு உண்டியல் உண்டு. ஐந்தையும் கேட்டேன். இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

முன்கூட்டியே ஒரு வாக்குமூலம். நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் நல்லாத் தெரியும். சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் வித்தியாசம் பிடிபட்டது முப்பது வயசுக்கு மேல்தான். ராகத்தைக் கண்டுபிடிக்க இன்னமும் பக்கத்து ஸீட் மாமாவின் முணுமுணுப்பை நம்பியிருப்பவன். ஆகவே இது வித்வான் எழுதும் விமர்சனம் அல்ல. காது இருக்கிறவன் எழுதுவது.

முதல் மூன்று கச்சேரியிலும் ஆரம்பப் பதினைந்து நிமிஷம் சங்கீதம் இல்லை, சைகை பாஷைதான். பாடகர் வர்ணம் பாடிக்கொண்டே வலது கை ஆள்காட்டி விரலை மேலே தூக்குகிறார். 'ஏத்துங்க' என்று அர்த்தம். மைக் செட் பையன் ஏற்றுகிறான். இப்போது வயலின்காரருக்குத் தன் வாசிப்பு தனக்கே கேட்கவில்லை. அவர் வில்லைத் தூக்கிக் காட்டுகிறார். ஏற்றுகிறான். மிருதங்கக்காரர் சும்மா இருப்பாரா? அவர் புருவத்தைத் தூக்குகிறார். அதுவும் ஏறுகிறது. பாடகருக்கு மறுபடியும் ஒன்றும் கேட்கவில்லை. விரல் மறுபடி மேலே.

எத்தனையோ வருஷமாகக் கச்சேரி கேட்கிறேன். ஒரு கலைஞர்கூட விரலைக் கீழே காட்டி நான் பார்த்ததில்லை.

காமர்ஸ் பாஷையில் இதற்குப் பணவீக்கம் என்று பேர். எல்லார் சம்பளமும் ஏறும். ஒருத்தருக்கும் வாங்கும் சக்தி ஏறாது.

முதல் வாரம் பாடிய பையனுக்கு நல்ல சாரீரம். கல்யாணி ஆலாபனை எடுத்தார். அதில் ஒரு மெல்லிய இடத்துக்காகக் காத்திருந்தேன். வந்திருக்கலாம். ஸ்பீக்கரில் எல்லாமே ஒரே உயரம், ஒரே பளபளப்பு. ரகசியமும் கோஷமும் ஒரே சத்தத்தில் வந்தால் ரகசியத்துக்கு என்ன மரியாதை? இரண்டாம் வாரம் புல்லாங்குழலில் மூச்சுக் காற்று புயல் மாதிரி அடித்தது. மூன்றாம் வாரம் தனி ஆவர்த்தனத்தில் என் காபி டம்ளர் தாளம் போட்டது. கலைஞர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. 150 பேர் உட்காரும் ஹாலில் பெரிய மைதானத்துக்கு வேண்டிய சாமான் எதற்கு என்பதுதான் கேள்வி.

*

மேல்நாட்டு சங்கீதத்தில் சேம்பர் மியூசிக் என்று ஒரு வகை. சேம்பர் என்றால் அறை, அவ்வளவுதான். நாலு பேர் நாலு வாத்தியம் வைத்துக்கொண்டு ஒரு அறையில் வாசிக்க, அதே அறையில் உட்கார்ந்து கேட்பது. லண்டனில் விக்மோர் ஹால் என்று ஒன்று 1901-ல் திறந்தார்கள். சுமார் 550 ஸீட். உலகத்தின் பெரிய பெரிய ஆட்கள் வந்து வாசிக்கிற இடம். இந்த வகைக் கச்சேரிக்கு அங்கே ஸ்பீக்கர் கிடையாது. வாத்தியத்திலிருந்து கிளம்புகிற சத்தம் காற்று வழியாக நேரே காதுக்கு வருகிறது.

நம்ம சங்கீதமும் பெரும்பாலும் அப்படித்தான் வளர்ந்தது. கோயில் வீதியில் நாகஸ்வரம் வேறு சமாசாரம். அது ஊருக்கே கேட்க வேண்டிய வாத்தியம். மற்றதெல்லாம் கூடம், மண்டபம், பஜனை மடம், பெரிய வீட்டுத் திண்ணை. இதற்கு உச்சபட்ச உதாரணம் வீணை தனம்மாள். 1938-ல் காலமானார். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பார். கேட்க வந்தவர்களில் பெரிய வித்வான்களும் உண்டு. யாரும் வாய் திறக்க முடியாது. அந்த வீட்டிலிருந்துதான் பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி எல்லாம் வந்தார்கள். பிருந்தாவுக்கு 1976-ல் சங்கீத கலாநிதி கிடைத்தது. ஆனாலும் பெரிய ஹாலை ரொப்புகிற சங்கீதம் இல்லை அது. மற்ற பாடகர்கள் பாடம் கேட்கத் தேடிப் போன சங்கீதம். ஒரு சின்ன அறையின் அளவுக்குத் தைத்த சட்டை.

நியாயமாக மைக்குக்கும் ஒரு வக்கீல் வைக்க வேண்டும். மைக் வருவதற்கு முன்னால் பின்வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் உச்சத்தில் பாட வேண்டும். எஸ்.ஜி.கிட்டப்பா மாதிரிக் கொட்டகையை நிரப்பும் குரல் எல்லாருக்கும் வாய்க்குமா? மைக் வந்ததால்தான் அடங்கின குரலுக்கும் மேடை கிடைத்தது. எம்.டி.ராமநாதன் அவ்வளவு கீழ் ஸ்ருதியில், அவ்வளவு நிதானமாகப் பாடியதை ஆயிரம் பேர் ஹாலில் பின்வரிசைக்காரரும் கேட்க முடிந்தது மைக்கின் புண்ணியம். மியூசிக் அகாடமி மாதிரி 1,600 பேர் உட்காரும் இடத்தில் மைக் வேண்டாம் என்று சொன்னால் என்னை ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

ஆனால் எங்கள் ஹாலில் 150 நாற்காலி. அதில் நிரம்பியது பாதி.

*

மூன்றாவது கச்சேரி முடிந்ததும் செயலாளரைப் பிடித்தேன். பாங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். கணக்கு நோட்டைத் திறந்து காட்டினார்.

"பாருங்க சார். மைக் செட்டுக்குக் குடுத்தது மிருதங்கக்காரருக்குக் குடுத்ததைவிட ஜாஸ்தி."

பார்த்தேன். உண்மை. இருபது வருஷம் பயிற்சி பண்ணின கைக்கு ஒரு தொகை. அந்தக் கையின் சத்தத்தைக் கெடுக்கிற டப்பாவுக்கு அதைவிடப் பெரிய தொகை.

"ஸ்பான்சர் ஒருத்தர் கழண்டுட்டார் சார். நாற்காலி, மைக், ஆர்ட்டிஸ்ட். மூணுல ஒண்ணைக் குறைக்கணும். நாற்காலி இல்லேன்னா மாமாக்கள் வர மாட்டா. ஆர்ட்டிஸ்ட் இல்லேன்னா கச்சேரியே இல்லை. மிச்சம் என்ன?"

புரட்சி எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கொள்கையினால் அல்ல, பட்ஜெட்டினால்.

நாலாவது சனிக்கிழமை வீணை. மைக் இல்லை என்று செயலாளர் அறிவித்தார். ஒரு சலசலப்பு. அடுத்த அறிவிப்பில் கலவரமே வந்தது: "ஃபேனையும் நிறுத்தறோம்." ஆவணிப் புழுக்கத்தில்! இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருத்தர் உண்டியலில் போட்டதைத் திரும்பக் கேட்பார் போலிருந்தது.

முதல் பத்து நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை என்றே எல்லாரும் நினைத்தோம். தெருவில் போகிற ஸ்கூட்டர் கேட்டது. யாரோ பிளாஸ்டிக் பையைப் பிரித்தது இடி மாதிரி கேட்டது. பிரித்தவரே பயந்துபோய் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னவோ ஆயிற்று. வீணையின் சத்தம் ஏறவில்லை, எங்கள் காதுதான் இறங்கி வந்தது. இருட்டு அறையில் கண் பழகுகிற மாதிரி.

அந்த அம்மா சஹானா வாசித்தார். வீணையில் தந்தியை ஒரு தடவை மீட்டிவிட்டு, மெட்டின் மேல் அதை இழுத்தே அடுத்த இரண்டு, மூன்று ஸ்வரத்தைக் கொண்டுவருவார்கள். மீட்டு ஒன்று, ஸ்வரம் மூன்று. ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சன்னமாக வரும். கடைசி ஸ்வரம் பாதி காதில், பாதி மனசில். அந்த வாத்தியத்தின் ஜீவனே அந்தத் தேய்வில்தான் இருக்கிறது. வீணை மேல் ஒட்டுகிற கான்டாக்ட் மைக் அந்தத் தேய்வைத் தூக்கி நிறுத்திவிடும்; கடைசி ஸ்வரமும் முதல் ஸ்வரம் மாதிரியே மார் தட்டிக்கொண்டு வரும். அன்றைக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு பிடியும் தேய்ந்து முடிகிற வரை 70 பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மாமா ராகத்தின் பேரைக்கூட முணுமுணுக்கவில்லை. முதல் தடவையாக நானே கண்டுபிடித்தேன்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் ஐந்தாவது சனிக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே.

அன்றைக்கு வாய்ப்பாட்டு. இளம் பெண். மைக் இல்லை. நேராகச் சொல்கிறேன், பாதிக் கச்சேரி தேறவில்லை. மேல் ஸ்தாயியில் அருமையாக இருந்த குரல், கீழே மந்தரத்துக்கு இறங்கினதும் காணாமல் போயிற்று. சாகித்யம் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. வயலின் மேலே படர்ந்தது. நாலாவது பாட்டில் ஒரு பெரியவர், "கேக்கலைம்மா" என்று சத்தமாகவே சொன்னார். அவருக்குக் காது மந்தம். அவருக்கும் சங்கீதம் வேண்டும்தானே? அந்தப் பெண்ணின் முகம் வாடினதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். மேடை ஏறிய நாளிலிருந்து உதட்டுக்கு நாலு அங்குலத்தில் மைக் வைத்துப் பாடியவள். லிஃப்ட்டிலேயே வளர்ந்தவரிடம் திடீரென்று, "மாடிப்படி ஏறு" என்றால் மூச்சு வாங்கத்தான் செய்யும். கால் இருக்கிறது, பழக்கம் இல்லை.

ஆனால் அதே கச்சேரியில்தான் வேறொன்றும் நடந்தது. மிருதங்கக்காரர் பையன் நிலைமையைப் புரிந்துகொண்டு கையை அடக்கினான். அப்புறம் விரல் நுனியில்தான் வாசித்தான். அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தாள். மைக் உள்ள கச்சேரியில் இந்த விட்டுக்கொடுத்தலுக்கு அவசியமே வராது. பையன் குமிழைத் திருப்பினால் முடிந்தது. தனி ஆவர்த்தனத்தில் இடது கை கும்கி புறா குமுறுகிற மாதிரி வந்தது. ஸ்பீக்கரில் அதை வெறும் 'டம்' என்றுதான் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். கடைசியில் பாடிய மங்களம் முதல் பாட்டைவிடத் தெளிவாகக் கேட்டது. இரண்டு மணி நேரத்தில் அவளும் கற்றுக்கொண்டாள், நாங்களும்.

*

பி.காம். படித்தவன் என்பதால் ஐந்தொகை போட்டுவிடுகிறேன்.

மைக்கோடு மூன்று கச்சேரி: எல்லாம் கேட்டது, ஒன்றும் ஞாபகமில்லை. மைக் இல்லாமல் இரண்டு: ஒன்று முழு லாபம், ஒன்று பாதி நஷ்டம்; இரண்டும் ஞாபகம் இருக்கிறது.

பேட்டை சபாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய சபாவின் சின்ன ஜெராக்ஸ் காப்பியாக இருக்காதீர்கள். அங்கே இல்லாத ஒரு சொத்து உங்களிடம் இருக்கிறது, அந்தச் சின்ன அறை. சீசனில் இரண்டு கச்சேரியாவது மைக் இல்லாமல் வையுங்கள். மேடையைச் சுவரோரம் வைக்காமல் நாற்காலிகளை அதைச் சுற்றிப் போடுங்கள். காது மந்தமானவர்களுக்கு முதல் வரிசை. இளம் பாடகர்களுக்கு இரண்டு மாசம் முன்னாலேயே சொல்லுங்கள், பயிற்சி பண்ணிக்கொண்டு வரட்டும். மைக் செட்டில் மிச்சமான காசு மிருதங்கத்துக்குப் போகட்டும்.

போன வாரம் செயலாளரைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். அடுத்த வருஷம் ஐந்து கச்சேரியில் மூன்று மைக் இல்லாமலாம். அந்தப் பெண்ணே மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

"ஆனா ஃபேன் விஷயம்தான் சார் கமிட்டியில ஒத்துக்க மாட்டேங்கறா" என்றார்.

என் வீட்டில் நாலு பனை விசிறி இருக்கிறது. அதற்கு மைக் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம், சத்தமும் போடாது. கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.