ஒரு வண்டிச் சோறும் இரண்டு உடல்களும்

அமர் சித்திரக் கதை வெளியிட்ட மகாபாரதம் 1985இலிருந்து 1989வரை 42 தனி இதழ்களாக வந்தது. பிறகு அதையே மூன்று கெட்டித் தொகுதிகளாக ஆக்கினார்கள். தனி இதழில் ஓர் அரக்கன் செத்தால் அடுத்த இதழ் கைக்கு வருவதற்குள் அவனை மறந்திருப்போம். தொகுப்பு இந்த மறதியைக் கெடுத்துவிடுகிறது. இடும்பன் விழுகிறான், பகன் விழுகிறான், கடைசியில் பீமனுக்கே பிறந்த கடோத்கசனும் விழுகிறான். விழுகிறவனெல்லாம் காட்டுக்காரன்.

இந்தப் படக்கதைகளில் அரக்க உடல் கட்டமைக்கப்படும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கறுத்த தோல், கோரைப்பல், பரட்டைத் தலை, மூடாத வாய். பருமன் இதில் சேர்த்தியில்லை, பீமனும் மலை மாதிரிதான் இருக்கிறான். பகனுக்கு அனுப்பிய ஒரு வண்டிச் சோற்றையும் பீமன்தான் உட்கார்ந்து தின்கிறான். விருகோதரன், அதாவது ஓநாய் வயிற்றுக்காரன், என்பது அவனுக்குப் புகழ்ப்பெயர். பகன் தின்றால் அட்டூழியம், பீமன் தின்றால் பராக்கிரமம். வித்தியாசம் வயிற்றில் இல்லை, தூரிகை தொட்டெடுத்த வண்ணத்தில் இருக்கிறது.

ஜப்பானியர் 1954இல் காட்ஜில்லாவை ஹைட்ரஜன் குண்டுச் சோதனையிலிருந்து எழுப்பினார்கள். அந்த ராட்சசனுக்கு ஒரு வரலாறு உண்டு. பகனுக்கும் உண்டு. வியாச பாரதத்தின் ஆதிபருவத்தைப் புரட்டுங்கள்: அந்த நாட்டு அரசன் கையாலாகாதவன், எதிரிகளிடமிருந்து ஊரைக் காப்பது பகன்தான், வண்டிச் சோறும் இரண்டு எருமையும் ஒரு மனுஷனும் அதற்கு அவன் வாங்கும் கூலி. கொடூரமான கூலிதான், மறுக்கவில்லை. ஆனால் இது ஓர் ஆட்சியின் கணக்கு, வெறும் பசியின் கணக்கல்ல. கடோத்கசன் கதை இன்னும் மோசம். பாண்டவர்களுக்காகச் செத்தவன் அவன். துரோண பருவத்தில் அந்தச் சாவுக்குக் கிருஷ்ணன் கூத்தாடுகிறான். கர்ணன் கொல்லாவிட்டால் நானே கொன்றிருப்பேன், இவன் வேள்விக்கும் பிராமணருக்கும் பகைவன் என்கிறான்.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்களில்லை. பன்னாட்டு நிறுவனங்களை மேடைதோறும் 'பகாசுரக் கம்பெனி' என்கிறோம். காட்டை அழிக்கிறவனைத் திட்டக் காட்டுக்காரன் பெயர்தானா கிடைத்தது? புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்தது, 1948இல் தடையானது, 1971இல்தான் தடை நீங்கியது. பெரிய காரியம். ஆனால் அது மீட்டது ஒரு மன்னனை, நாகரிகம் உள்ளவனை. பகனுக்கு அப்படியொரு வக்காலத்து என் கண்ணில் பட்டதில்லை. கோரைப்பல்லோடு ஒருத்தனை நம்மாள் என்று சொல்ல நமக்கும் கூச்சம்.

அந்தக் கூச்சம் இல்லாத ஓர் இடத்தை நான் அறிவேன். ஆய்க்குடியில் பாலசுப்பிரமணியர் கோயில் கந்த சஷ்டிதான் பெரிய விழா. எங்கள் பக்கத்துச் சூரசம்ஹாரங்களில் சூரன் ஒற்றை முகத்தோடு வருவதில்லை. யானைமுகம், சிங்கமுகம், அப்புறம் தன் முகம். ஒரு தலையைக் கழற்றி அடுத்ததை மாட்டும்வரை மொத்தக் கூட்டமும் முருகனையும் சேர்த்துக் காக்க வைத்துவிடுகிறான். கதைப்படி சாவதும் இல்லை, மயிலும் சேவலுமாக மாறி முருகனோடேயே தங்கிவிடுகிறான். இதற்குள்ளும் அடிபணிதல் இருக்கிறது, தெரியும். இருந்தாலும், தூக்குகிறவர்கள் தோளில் சூரனை வைத்துக்கொண்டு தெருவில் முன்னும் பின்னும் ஓடும்போது பாருங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடுவது முருகன் பின்னால் இல்லை, சூரன் பின்னால்.