அட்டைப்பெட்டி வாட்டும் அந்தமான் வெயிலும்

கையடக்க சோலார் சார்ஜருக்கான விளம்பரப் படம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஒன்றுதான். முதுகில் பை, பையின் மேல் மடிப்புப் பேனல் விரிந்து தொங்கும், ஆள் காட்டுப் பாதையில் நடந்துகொண்டே இருப்பார், போனில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். இந்தப் படத்தை நம்பி அந்தமானுக்குப் பேனல் வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர் முதலில் ஏறிப் பார்க்க வேண்டியது வடக்கு அந்தமானில் திக்லிப்பூர்ப் பக்கம் இருக்கும் சாடில் பீக். 732 மீட்டர், இந்தத் தீவுக்கூட்டத்திலேயே உயரமான சிகரம் அதுதான். பாதை கொஞ்ச தூரம் கடலோரமாகப் போய்விட்டு அடர்ந்த காட்டுக்குள் நுழைந்துவிடும். அதன்பின் வெயில் என்பது இலை இடுக்கில் சிந்தும் சில்லறைதான். முதுகுப் பேனல் அங்கே வெறும் சுமை. திறந்த வெளியில் நடந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. செங்குத்தாகத் தொங்கும் பேனல் வெயிலை நேராகப் பார்ப்பதே இல்லை. பாதை வளையும்போதெல்லாம் சுமப்பவரின் நிழலே அதன் மேல் விழும்.

அதற்காக இந்தக் கருவியே ஏமாற்று என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தேவை உண்மையானது. இந்தத் தீவுகளின் மின்சாரத்துக்கும் இந்தியப் பெருநிலத்தின் மின்தொகுப்புக்கும் தொடர்பு கிடையாது. பெரும்பகுதி மின்சாரம் கப்பலில் வந்திறங்கும் டீசலை எரித்து ஆங்காங்கே உண்டாக்கிக்கொள்வது. ஊர் தள்ளிப் போகப்போக சப்ளை மெலிந்துகொண்டே போகும். கடலோர முகாம்களிலும் ஆளில்லாத் தீவுகளிலும் அதுவும் இல்லை. இன்னொரு பக்கம், 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட கண்ணாடி இழைக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தொடங்கி கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் வரை இணையம் போய்ச் சேர்ந்தது. போனில் செய்யும் காரியங்கள் கூடின; போனுக்குக் கரண்ட் தேடும் நேரமும் கூடியது.

ஆகவே கேள்வி வாங்கலாமா கூடாதா என்பதைவிட, எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது. பெரும்பாலோர் பார்ப்பது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் இரண்டு எண்களை: வாட், மில்லி ஆம்பியர் மணி. இரண்டுமே பொய் இல்லை. ஆனால் இரண்டும் வேறோர் உலகத்தில் அளந்தவை.

முதலில், அதிகம் விற்கிற வகையைப் பார்ப்போம்: முதுகில் ஒரு சின்னப் பேனல் ஒட்டிய பவர் பேங்க். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி. பேனலின் அளவு, கை பிடிக்கும் பொருள் ஆகையால், சுமார் 15 சென்டிமீட்டருக்கு 7 சென்டிமீட்டர். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,000 வாட் என்று வைத்தால், இந்தத் துண்டின் மேல் விழுவது பத்தரை வாட். நல்ல செல் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். அதாவது இரண்டு வாட். கோணம், சூடு, சுற்றின் இழப்பு எல்லாம் கழித்து ஒன்றரை வாட் உள்ளே போனால் அதிர்ஷ்டம். காலியான பேங்க் நிரம்ப ஐம்பது மணி நேர முழு வெயில் வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றாலும் பத்து நாள். விடுமுறைக்கு வந்தவர் அதற்குள் ஊர் திரும்பி ஆபீஸ் போயிருப்பார்.

நேரம் மட்டும் குறையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வெயிலில் வைத்தால்தான் சார்ஜ் ஏறும் என்ற பொருளுக்குள் வெயிலே ஆகாத பேட்டரியை அடைத்திருக்கிறார்கள். லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்குப் பொதுவாகச் சொல்லும் உச்ச வரம்பு 45 டிகிரி. ஸ்வராஜ் தீவின் காலாபத்தர் கடற்கரை மணலில் நண்பகலில் வெறுங்காலோடு ஒரு நிமிடம் நின்றவருக்கு, அதே மணலில் கிடக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியின் உட்சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. செல் உப்பிப்போவதற்கு அது போதும். வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமற்ற வடிவமைப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பேனல் தனி, பேட்டரி தனி என்று வாங்குவதுதான் சரி. பேனல் வெயிலில் காயட்டும், கேபிளின் மறுமுனையில் பவர் பேங்க் நிழலில் இருக்கட்டும். அப்போதும் 20 வாட் மடிப்புப் பேனல் 20 வாட் தராது. அந்த எண் சோதனைக்கூடத்தில், செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கையில் எடுத்தது. வெயிலில் பேனலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக விளைச்சல் இறங்கும். மேகமே இல்லாத நேரத்தில் 12 வாட் வந்தால் நல்ல பேனல். யூஎஸ்பி மீட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒன்று விற்கிறது. பேனலுக்கும் கேபிளுக்கும் நடுவே செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் எண்ணாகத் தெரியும். பேனலோடு கட்டாயம் வாங்க வேண்டிய பொருள் எது என்றால் அதைத்தான் சொல்வேன். தென்னை ஓலையின் ஒரே ஒரு கீற்று நிழல் பேனலின் ஓரத்தில் விழும்போது மீட்டரைப் பார்க்க வேண்டும். நிழல் மறைப்பது கைப்பிடி இடம். ஆம்பியர் இறங்குவது பாதிக்கும் கீழே. செல்கள் ஒன்றின்பின் ஒன்றாகத் தொடர்ந்து இணைந்திருப்பதால் ஒன்று சோர்ந்தால் வரிசையே சோர்கிறது. தென்னை மரத்தடியில் பேனலை விரிக்கக் கூடாது என்பதற்குத் தேங்காய் விழும் என்பது இரண்டாவது காரணம்தான்.

மேகம் கடக்கும்போது இன்னொன்று நடக்கும். போனை நேரே பேனலில் செருகியிருந்தால் வோல்ட் சரிந்ததும் போன் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். மேகம் விலகி வெயில் முழுசாகத் திரும்பினாலும் சில போன்கள் பிடிவாதமாக நின்ற இடத்திலேயே நிற்கும். பிடுங்கிச் செருகினால்தான் மறுபடி ஏறும். தானே மீண்டும் தொடங்கும் சுற்று உள்ள பேனலா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்; பெட்டியில் இதைப் பெரிய எழுத்தில் யாரும் போடுவதில்லை. நடுவில் பவர் பேங்க் வைப்பது இதற்கும் மருந்து. தெற்கு அந்தமானில் அட்டம்பகாடிலும் டாலிகஞ்சிலும் நம் நெய்வேலி நிறுவனம் அமைத்த 20 மெகாவாட் சோலார் நிலையத்திலும் கூடவே 8 மெகாவாட் மணி பேட்டரி வைத்துத்தான் கட்டினார்கள். கடல் மேகத்தின் குணம் பெரிய நிலையத்துக்கும் கைப்பேனலுக்கும் ஒன்றே.

அப்படியானால் இந்தக் கருவி உண்மையில் சோறு போடும் இடம் எது? லிட்டில் அந்தமானின் தெற்கு விரிகுடா, மேற்கு விரிகுடா போன்ற கடற்கரைகளில் போடும் ஆமை முகாம்கள் போன்ற இடம்தான். தோணியாமை எனப்படும் பெரிய கடலாமை முட்டையிட வரும் கரைகள் அவை. 2008 முதல் ஆய்வாளர்கள் அங்கே கணக்கெடுத்து வருகிறார்கள். ஆமை வரும் பருவம் பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அதில் பெரும்பகுதி மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் காலம். வேலை இரவில், தூக்கம் பகலில். ஆள் தூங்குகையில் பேனல் உழைக்கும். போன் ஏரோபிளேன் மோடில், ஜிபிஎஸ், சிவப்பு ஒளி ஹெட்லாம்ப், ஒரு கேமரா என்று வைத்தால் ஒருவருக்கு நாளுக்கு 25 வாட் மணி தேவைப்படலாம். 20 வாட் பேனல் நான்கு மணி நேரம் 12 வாட் வீதம் தந்தால் 48. பேங்கில் ஏறி இறங்கும் இழப்பு போக 30க்கு மேல் கையில் நிற்கும். கணக்கு கட்டுகிறது. ஒரே இடத்தில் தங்கல், வாரக்கணக்கில் பிளக் இல்லாமை, வறண்ட பருவம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்தக் கருவிக்கு ஈடில்லை.

அங்கும் வெயிலைப் பிடிக்கத் தெரிய வேண்டும். அந்தமான் கிழக்கே வெகுதூரம் தள்ளியிருந்தும் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது. அதனால் உச்சிப் பொழுது 11.20ஐ ஒட்டியே வந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பன்னிரண்டு மணி வெயில் என்று சென்னைக் கணக்கில் பேனலை விரிப்பவர் ஏற்கெனவே பாதி நாளை விட்டவர். மேற்குப் பார்த்த கடற்கரை என்றால் முதுகுப்புறக் காடு காலை வெயிலை வெகுநேரம் மறைத்து நிற்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பேனலைத் தெற்கு நோக்கி முப்பது, முப்பத்தைந்து டிகிரி தூக்கி வைக்க வேண்டும்; ஏப்ரல் மூன்றாம் வாரம் போர்ட் பிளேரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அப்போது தரையோடு தட்டையாகப் போட்டால் போதும். கோணம் அளக்கக் கருவி தேவையில்லை. பேனலின் மேல் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் நிழல் மறையும் வரை பேனலைச் சாய்த்தால் வெயில் நேராக விழுகிறது என்று பொருள்.

மழைக்காலத்துக்கு இந்தப் புகழ்ச்சி எதுவும் செல்லாது. போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை, அதாவது சென்னையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மே பிற்பகுதியில் தென்மேற்குப் பருவம் பிடித்தால் இடையிடையே ஓய்ந்து வடகிழக்குப் பருவம் வரை போகும். முழு மூட்டத்தில் பேனல் தருவது பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். அந்த நாட்களில் 20 வாட்டுக்குப் பதில் 40 வாட் வாங்கியிருந்தாலும் சுமை கூடியிருக்குமே தவிர போன் நிரம்பியிருக்காது. ஜூலையில் போகிறவருக்கு நிறைந்த இரண்டு பவர் பேங்கே சோலார்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் கடல் தீவில் எந்த மின்கருவியையும் எடைபோட முடியாது. பேனலைக் கொல்வது பெரும்பாலும் மழை கிடையாது, யூஎஸ்பி துளைக்குள் படியும் உப்புக் காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் மின்சாரமும் ஓடினால் தகட்டு முனைகள் பச்சை பூத்து அரித்துப்போகும். துளைக்கு ரப்பர் மூடி இருக்கிறதா, மேலுறை ஈடிஎஃப்இ என்னும் உறுதியான பூச்சா அல்லது சில பருவத்தில் மஞ்சளாகிப் பொரியும் மலிவான பிளாஸ்டிக் தாளா என்பவை வாட்டைவிட முக்கியம். துணித் தையலில் உப்பு நீர் ஊறினால் காயவே காயாது. இரண்டு மக் நல்ல தண்ணீர் ஊற்றி நிழலில் உலர்த்த வேண்டும்.

சுற்றுலாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஸ்வராஜ் தீவிலும் ஷாகித் தீவிலும் ஐந்து நாள் தங்குகிறவரின் அறையில் பிளக் இருக்கும். கரண்ட் போனாலும் வரும். அவருக்கு 20,000 அளவில் ஒரு சாதாரணப் பவர் பேங்க் போதும். பிஐஎஸ் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கட்டும். விமானத்தில் அது கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட் மணி வரை தடையில்லை. வெளிநாட்டுப் பயண வழிகாட்டிகள் சோலார் பேனலோடு சாட்டிலைட் போனையும் பட்டியலில் சேர்ப்பார்கள். இங்கே அனுமதியில்லாமல் அதைக் கொண்டுவந்தால் சார்ஜ் தேடுவதற்குமுன் வக்கீலைத் தேட வேண்டியிருக்கும். டவர் மெலிந்த இடத்தில் போன் சிக்னல் தேடியே பேட்டரியைக் குடித்துவிடும். ஏரோபிளேன் மோடில் போட்டால் மிச்சமாகும் கரண்ட், சின்னப் பேனல் ஒன்று நாள் முழுக்க ஈட்டுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இது இலவசம் என்பதால் இதற்கு விளம்பரம் இல்லை.

ஆபத்துக் காலத்துக்கு உதவும் என்றொரு வாதம் உண்டு. தீவில் அது கனமான வாதம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது பாரதி பிரசாத் தலைமையில் ஓர் அமெச்சூர் ரேடியோ குழு தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்த நேரத்தில் தகவல் கடத்தியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். ஆனால் பேரிடரில் முதலில் விழுவது போனின் பேட்டரியா, டவரா என்று யோசிக்க வேண்டும். டவர் விழுந்தபின் முழு சார்ஜ் உள்ள போன் ஒரு டார்ச், அவ்வளவே. ஆகவே ஆபத்துக்கென்று பேனல் வாங்குகிறவர் அதில் இயங்கும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவையும் வாங்கினால்தான் அந்தச் செலவு அர்த்தப்படும். கொஞ்சம் சார்ஜிலேயே நாள்கணக்கில் ஓடும் கருவி அது.

தீவில் குடியிருப்பவர்களுக்கு, குறிப்பாக மீன்பிடிப் படகு வைத்திருப்பவர்களுக்கு, மடிப்புப் பேனலே சரியான பொருள் இல்லை என்பது என் கருத்து. கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் உள்ள 40 வாட் கடினப் பேனல், ஒரு கண்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி, அதில் கார் சார்ஜர் சாக்கெட் ஒன்று. வாட்டுக்கு வாட் விலை மடிப்புப் பேனலைவிட மிகக் குறைவு, உப்பையும் வெயிலையும் பல மடங்கு காலம் தாங்கும், பழுதானால் ஊர் எலக்ட்ரீஷியனே பார்த்துக்கொள்வார். மடிப்புப் பேனலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முதுகில் தூக்க வேண்டியவர் மட்டுமே மடிப்புக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம், வாங்கும்போது யாரும் கேட்காதது: செத்தபின் எங்கே போகும்? 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. அந்தப் பொறுப்பு வங்கக் கடலைத் தாண்டி ஒரு சின்னத் தீவின் மூலைக் கடை வரை நீள்வது எளிதில்லை. நல்ல பவர் பேங்கைக் கைப்பையில் போட்டுச் சென்னைக்குத் திரும்பக் கொண்டுவரலாம். உப்பிப்போனதை விமானத்தில் ஏற்ற விதி இடம் தராது. அதாவது வெயிலில் கெட்டது வெயில் இருந்த தீவிலேயே கிடக்கும். பேனலும் பேட்டரியும் ஒட்டிய வகையில் இரண்டில் ஒன்று கெட்டாலும் இரண்டையும் எறிய வேண்டும், கெடுவது பெரும்பாலும் பேட்டரி. தனித்தனியாக வாங்கியவர் பவர் பேங்கை மட்டும் மாற்றிக்கொண்டு அதே பேனலை அடுத்த ஆமைப் பருவத்துக்கும் விரிப்பார்.